வாடிக்கையாளர் இல்லாத சந்தை

டோக்கியோவின் அரியாகே பகுதியில், கடலை ஒட்டி நிற்கும் பிக் சைட் கண்காட்சி வளாகத்தில், ஆண்டுக்கு இரண்டு முறை காமிக் மார்க்கெட் என்னும் சித்திரக்கதைச் சந்தை கூடுகிறது. ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் ஒன்று, டிசம்பர் மாதக் கடைசி நாட்களின் குளிரில் மற்றொன்று. ஜப்பானியர்கள் அதைக் காமிக்கெட் என்று சுருக்கி அழைக்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியாகோவில் நடப்பது போன்ற விழாக்களில் பெரிய பதிப்பகங்களும் ஹாலிவுட் நிறுவனங்களும் மேடையேறி அறிவிப்புகளை வெளியிட, ரசிகர்கள் கீழே அமர்ந்து ஆரவாரம் செய்வார்கள். காமிக்கெட்டின் அடித்தளம் வேறு. ரசிகர்களே வரைந்து, ரசிகர்களே அச்சிட்டு, ரசிகர்களே மேசை போட்டு அமர்ந்து, சக ரசிகர்களின் கையில் புத்தகத்தைக் கொடுக்கிற இடம் அது. புத்தகம் கொண்டுவருபவர், அதை வாங்க வருபவர், கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர் ஆகிய மூவருமே பங்கேற்பாளர்கள். வாடிக்கையாளர் என்று இங்கே ஒருவரும் இல்லை என்பது அமைப்புக் குழுவினர் தொடக்கம் முதல் வலியுறுத்திவரும் கொள்கை. காகிதத்தில் எழுதி வைத்த நல்லெண்ணமாக நின்றுவிடாமல், அந்தக் கொள்கை ஒரு நாள் முழுவதும் பல்லாயிரம் பேரின் நடத்தையை எப்படி வழிநடத்துகிறது என்பதை ஒரு குளிர்காலக் காமிக்கெட்டில் கண்ணாரக் கண்டேன்.

என்னைப் பற்றியும் ஓரிரு சொற்கள் சொல்ல வேண்டும். சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த முத்து காமிக்ஸையும், 1984 இல் தொடங்கிய லயன் காமிக்ஸையும் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடிப் படித்து வளர்ந்தவன் நான். இரும்புக்கை மாயாவியின் கதை ஆங்கில வார இதழில் பிறந்தது என்பதோ, அதை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானியர் என்பதோ அந்த வயதில் எனக்குத் தெரியாது. எங்கோ, யாரோ வரைகிறார்கள், சிவகாசியில் தமிழாகிறது, நம் ஊர்க் கடைக்கு வருகிறது, நாம் படிக்கிறோம், ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறோம். வாசகனின் வேலை அத்துடன் முடிந்தது என்று நானும் என் நண்பர்களும் நம்பியிருந்தோம். ஓவியம் நன்றாக வரும் நண்பர்கள் எங்களிடையே இருந்தும், எட்டுப் பக்கமாவது நாமே வரைந்து அச்சிட்டால் என்ன என்ற எண்ணம் ஒருவருக்கும் எழவில்லை. வேலை நிமித்தம் டோக்கியோவுக்கு வந்து, நிஷிகசாயில் குடியேறி, மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய பிறகே, அந்த எண்ணம் எழுந்த பிள்ளைகள் வேறொரு நாட்டில் இருந்தார்கள் என்று தெரிந்தது.

முதல் காமிக்கெட் 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவின் டொரானொமோன் பகுதியில், ஒரு கட்டடத்தின் கூட்ட அறையில் நடந்தது. 32 குழுக்கள் மேசை போட்டிருந்தன. வந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர். அவர்களில் பெரும்பான்மையினர் ஹாகியோ மோட்டோ போன்ற பெண் ஓவியர்களின் கதைகளில் மனம் பறிகொடுத்த பள்ளி மாணவியர். அதை நடத்தியவர்கள் ‘மெய்க்யூ’ என்னும் விமர்சனக் குழுவைச் சேர்ந்த இளைஞர்களான ஹராடா டெருவோ, அனிவா ஜுன், யோனெசாவா யோஷிஹிரோ முதலியோர். அப்போது நடந்துகொண்டிருந்த வேறொரு மங்கா மாநாட்டை விமர்சித்ததற்காக ஒரு ரசிகைக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அதை எதிர்த்துக் கிளம்பிய குரல்தான் தனிச் சந்தையாக உருவெடுத்தது. ஆகவே, யாரையும் வெளியே நிறுத்தாத ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் பிறவிக் குணம். யோனெசாவா 1980 முதல் 2006 இல் காலமாகும் வரை அதன் தலைவராக இருந்தார். அவர் சேர்த்து வைத்த புத்தகங்களைக் கொண்டு மெய்ஜி பல்கலைக்கழகம் 2009 இல் ஒரு நூலகத்தைத் திறந்தது. மாணவப் பருவத்து ஆர்வத்தைச் சாகும்வரை கைவிடாமல், அதை ஒரு நாட்டின் பண்பாட்டு நிறுவனமாகவே வளர்த்தெடுத்த அந்த மனிதர்மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு.

700 பேரில் தொடங்கிய கூட்டம் 2019 டிசம்பரில் நான்கு நாட்களில் சுமார் 7.5 லட்சமாக இருந்தது. பெருந்தொற்றினால் 2020 இல் சந்தையே நடக்கவில்லை. 2021 டிசம்பரில் மீண்டும் தொடங்கியபோது இரண்டு நாட்களாகச் சுருங்கி, முன்கூட்டியே நுழைவுச்சீட்டு பெறும் முறை வந்தது. நான் சென்றது அந்த முறை நிலைபெற்ற பிறகு, ஒரு டிசம்பர் 30 ஆம் தேதி. அலுவலகங்களுக்கு ஆண்டிறுதி விடுமுறை. ஷின்கிபாவில் ரிங்காய் தடத்தில் ஏறினால் இரண்டாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும். விடியாத அந்த நேரத்திலும் பெட்டிக்குள் நிற்க இடமில்லை. ஆனாலும் பேச்சுச் சத்தம் மிகக் குறைவு. பலர் கையில் அரங்க வரைபடத்தின் அச்சுப்படி இருந்தது. அதில் வண்ணப் பேனாக்களால் வட்டமிட்டு, முதலில் எங்கே, பிறகு எங்கே என்று எண்ணிட்டு வைத்திருந்தார்கள்.

வட்டமிடுவதற்குப் பின்னால் பல வார உழைப்பு இருக்கிறது. பங்கேற்கும் ஒவ்வொரு குழுவும் சிறு கட்டம் ஒன்றுக்குள் தன்னை அறிமுகப்படுத்தும் படம் வரைந்து அனுப்ப வேண்டும். ஜப்பானியர்கள் இக்குழுக்களைச் சர்க்கிள் என்கிறார்கள். தனி ஒருவரும் சர்க்கிள்தான். அந்தக் கட்டங்களையெல்லாம் தொகுத்த விவரப் பட்டியல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் தடித்த புத்தகமாக வெளியாகி வந்திருக்கிறது, இணையத்திலும் தேடலாம். ஒரு நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கிள்கள் அமர்கின்றன என்றால், அஞ்சல் தலையைவிடச் சற்றே பெரிய பத்தாயிரம் படங்களுக்குள் நமக்கானதைக் கண்டுபிடிக்க வேண்டும். அலுவலகம் முடிந்த மாலைகளில் அந்தப் பக்கங்களைப் புரட்டுவது எனக்கு மிகப் பிடித்த வேலையாக இருந்தது. புகழ்பெற்ற கதாபாத்திரங்களை வரைபவர்களை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். மலைக்கிராமத்து அஞ்சல் பெட்டிகள், பழைய கணிப்பொறிகளின் உள்ளமைப்பு, பாசி வகைகள் என்று தம் போக்கில் போகிறவர்களின் கட்டங்களில்தான் என் பேனா அதிகம் நின்றது.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கடற்காற்று முகத்தில் அறைந்தது. இரவு முழுவதும் வந்து காத்திருப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது என்பதால் எல்லோரும் முதல் ரயில்களில்தான் வருகிறார்கள். நுழைவுச்சீட்டைக் காட்டி, மணிக்கட்டில் காகிதப் பட்டையைக் கட்டிக்கொண்டு, திறந்தவெளியில் பிரித்து நிறுத்தப்பட்ட கட்டங்களில் ஒன்றில் நாமும் போய் நிற்க வேண்டும். அங்கே பல மணி நேரக் காத்திருப்பு. கையடக்கச் சூட்டுப் பைகளைச் சட்டைக்குள் ஒட்டிக்கொண்டு, மடக்கு நாற்காலியில் அமர்ந்து, ஒருவர் புத்தகம் படிக்கிறார், இன்னொருவர் உறங்குகிறார். எனக்குப் பக்கத்தில் நின்ற நடுவயதுக்காரர், ஒசாக்காவிலிருந்து இரவுப் பேருந்தில் வந்தவர், நான் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு சூட்டுப் பையை நீட்டினார். வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். எதை வாங்க என்று கேட்கவில்லை.

தன்னார்வலர்கள் ஏறத்தாழ 3,000 பேர். ஊதியம் கிடையாது. அவர்களில் ஒருவர் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்க, ஒரு கட்டத்தில் நின்ற நூற்றுக்கணக்கானவர்கள் அவர் பின்னே நடந்தார்கள். ஓடாதீர்கள் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது, ஓட வேண்டும் என்ற தவிப்பு எல்லோருடைய தோளிலும் தெரிந்தது, ஆனால் நடந்தார்கள். நான்கு தலைகீழ்ப் பிரமிடுகளைத் தூண்கள்மீது தூக்கி வைத்தது போன்ற அந்தக் கட்டடத்தின் அடியில் போகும்போது, உள்ளே சந்தை தொடங்கிவிட்டதை அறிவிக்கும் ஒலி கேட்டது. அதைத் தொடர்ந்து கைதட்டல். வரிசையில் நின்றவர்களும் தட்டினார்கள். எந்த நட்சத்திரத்துக்கும் அல்லாமல், இன்னொரு முறை நாம் கூடியிருக்கிறோம் என்பதற்காக மட்டுமே எழும் அந்தக் கைதட்டல், கட்டடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பரவி அடங்கியது.

உள்ளே நுழைந்தவுடன் புரிந்துகொள்ள வேண்டியது அரங்கின் அமைப்பு. மேசைகள் நீள்சதுரத் தீவுகளாகப் போடப்பட்டிருக்கும். ஒரு நீண்ட மேசையைப் பாதியாகப் பிரித்து, 90 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட இடம் ஒரு சர்க்கிளுக்கு. இரண்டு நாற்காலிகள். அவ்வளவுதான். நீண்ட வரிசை சேரும் என்று எதிர்பார்க்கப்படும் சர்க்கிள்களை மட்டும் சுவரோரம் அமர்த்துகிறார்கள். பின்னாலிருக்கும் பெரிய கதவுகளைத் திறந்து வரிசையை வெளியே திருப்பிவிட அது வசதி. சுவரோரம் இடம் கிடைப்பதை ஓவியர்கள் பெருமையாகக் கருதுகிறார்கள். ஆனால் சுவரோரத்துக்காரருக்கும் தீவின் நடுவில் அமர்ந்தவருக்கும் நாற்காலியும் மேசையும் ஒன்றுபோலத்தான். தொழில்முறை ஓவியராகிப் பெரும்புகழ் பெற்ற பின்னும் இங்கே வந்து அந்த இரும்பு நாற்காலியில் அமர்கிறவர்கள் உண்டு. கிளாம்ப் என்னும் புகழ்பெற்ற மங்கா ஓவியர் குழுவினர் இத்தகைய ரசிகர் பிரசுரங்களிலிருந்து வந்தவர்கள். டைப்-மூன் என்னும் நிறுவனம் 2000 டிசம்பர் காமிக்கெட்டில் தன் முதல் கணினி விளையாட்டை ஒரு ரசிகர் குழுவாகக் கொண்டுவந்தது. இன்று தனி உலகமாகவே விரிந்திருக்கும் தோஹோ கணினி விளையாட்டுத் தொடரையும் ஒற்றை மனிதர் இதே மேசைகளில் வைத்துத்தான் கொடுத்தார்.

சுவரோர வரிசை ஒன்றில் நானும் நின்றேன். அங்கே கண்ட ஒரு சிறிய வழக்கம்தான் அன்றைய நாளில் என்னை மிகவும் கவர்ந்தது. வரிசையின் கடைசியில் நிற்பவர் கையில் ஓர் அட்டை இருக்கும். ‘இதுவே வரிசையின் கடைசி’ என்று அதில் எழுதியிருக்கும். புதிதாக வருபவர் அவரிடம் தலைவணங்கி அட்டையை வாங்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வார். அடுத்தவர் வந்ததும் அவர் கைக்கு அது மாறும். எனக்கு அட்டையைக் கொடுத்தவர் கல்லூரி மாணவி போலிருந்தார். இரண்டு கைகளாலும், கோயிலில் பிரசாதத் தட்டைக் கைமாற்றுவது போலக் கொடுத்தார். அட்டையின் கீழ்ப்பகுதியில் அந்தச் சர்க்கிளின் ஓவியர், வரிசையைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு குட்டிப் பூனையை வரைந்து, ‘தயவுசெய்து என்னைத் தூக்கிப் பிடியுங்கள்’ என்று எழுதியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு நின்ற சில நிமிடங்களுக்கு அந்த நீண்ட வரிசையின் பொறுப்பு என்னுடையது. காவலர் இல்லை, கயிறு கட்டவில்லை, அதட்டுவார் யாருமில்லை. வந்தவர்களே வரிசையை நடத்துகிறார்கள். பங்கேற்பாளர் என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக எனக்கு ஒருவரும் விளக்கியிருக்க முடியாது.

பணம் கொடுப்பதிலும் அதே அக்கறை. பெரும்பாலான பிரசுரங்கள் சில நூறு யென்னிலிருந்து ஆயிரம் யென்வரை. 100 யென், 500 யென் நாணயங்களையும் ஆயிரம் யென் நோட்டுகளையும் முன்கூட்டியே மாற்றிக்கொண்டு வர வேண்டும். பத்தாயிரம் யென் நோட்டை நீட்டிச் சில்லறைக்கு அலைய வைப்பது முறையன்று. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கடைக்காரர் அல்லர் என்ற உணர்வு இந்தச் சிறு ஏற்பாட்டில்கூட இருக்கிறது. அமைப்பாளர்கள் நடத்திய கணக்கெடுப்புகளின்படி பெரும்பாலான சர்க்கிள்களுக்கு லாபம் இல்லை. அச்சுக்கூலி, இடக் கட்டணம், ரயில் செலவு எல்லாம் சேர்த்தால் கையைக் கடிக்கும். சுவரோரத்தில் கட்டுக்கட்டாக விற்றுத் தீர்ப்பவர்களை மட்டும் படம்பிடித்து, இது பணம் கொழிக்கும் இடம் என்று காட்டுவது நியாயமில்லை.

இங்கே விற்பவற்றில் கணிசமான பகுதி, பிறர் படைத்த கதாபாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகள். சட்டப்படி அது உரிமையாளரின் அனுமதி தேவைப்படும் செயல். ஆனால் ஜப்பானில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் உரிமையாளர் புகார் அளித்தால் மட்டுமே தொடரக்கூடியவை. பெரும்பாலான பதிப்பகங்கள் கண்டும் காணாமல் இருந்துவிடுகின்றன. பசிபிக் வணிக உடன்பாட்டையொட்டி 2018 டிசம்பர் 30 முதல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, புகார் இல்லாமலும் வழக்குத் தொடரலாம் என்ற விதி அப்பட்டமான திருட்டுப் பிரதிகளுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டு, ரசிகர் பிரசுரங்கள் அதிலிருந்து விலக்கப்பட்டன. எல்லை மீறினால் தட்டிக் கேட்பதும் உண்டு. டோராயேமோனின் இறுதி அத்தியாயம் என்று ஒருவர் வரைந்து வெளியிட்ட பிரசுரம் அசலோடு குழப்பிக்கொள்ளும் அளவுக்கு இருந்ததும், பல்லாயிரம் படிகள் பரவியதும் சிக்கலாகி, அவர் 2007 இல் மன்னிப்புக் கேட்டு வருவாயில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டியதாயிற்று. நூல்பிடித்தாற்போல் நடக்கும் இந்தப் பொறுமையும் கட்டுப்பாடும் இல்லாவிட்டால், எத்தனையோ ஓவியர்களுக்குப் பயிற்சிக்களமே இருந்திருக்காது. ஒரு கதையைக் காதலித்தவன் அதையே திரும்ப வரைந்துதான் கை பழகுகிறான். பிறகு தன் கதைக்கு வருகிறான்.

வயது வந்தோருக்கான பிரசுரங்களும் இங்கே ஏராளம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காரணத்தால் 1991 இல், அப்போது சந்தை நடந்துவந்த மாகுஹாரி மெஸ்ஸே வளாகம் இடம் தர மறுத்து, அது டோக்கியோவின் ஹருமியில் இருந்த பழைய இடத்துக்கே திரும்ப நேர்ந்தது. அதன் பின் ஒவ்வொரு சர்க்கிளும் அன்றைய புதிய பிரசுரத்தின் ஒரு படியைக் காலையிலேயே தன்னார்வலர்களிடம் கொடுத்து, சட்ட வரம்புக்குள் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளும் முறை இறுகியது. இப்படிச் சேரும் மாதிரிப் படிகளை அமைப்பாளர்கள் தூக்கி எறிவதில்லை, பாதுகாக்கிறார்கள். இருபது படிகள் மட்டுமே அச்சான ஒரு சிறு பிரசுரத்துக்கும் அதில் ஓர் இடம் உண்டு. நம் ஊரில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த சித்திரக்கதைகளின் ஒரே ஒரு படிக்காகச் சேகரிப்பாளர்கள் ஊர் ஊராக அலைவதை நினைத்துப் பார்த்தால், அந்தச் செயலின் அருமை விளங்கும்.

கதாபாத்திரங்களைப் போல் வேடமணியும் காஸ்பிளே பற்றிக் கேட்பவர்களுக்காகச் சில வரிகள். வேடமணிந்து வீட்டிலிருந்து வரவும் கூடாது, வேடத்தோடு வீடு திரும்பவும் கூடாது; உள்ளே உடை மாற்றும் அறைகளும் படமெடுக்கத் தனி முற்றங்களும் உண்டு. அனுமதி கேட்ட பின்பே படம் எடுக்க வேண்டும். தைத்த நேர்த்தி வியக்க வைத்தது. பெரிய நிறுவனங்களின் அரங்குகளும் தனியே இருக்கின்றன. அங்கே சற்று நேரம் சுற்றிவிட்டு வந்துவிட்டேன். அவற்றை வேறு கடைகளிலும் பார்க்கலாம்.

நண்பகலுக்குப் பிறகு, அவசரக்காரர்கள் பைகளை நிரப்பிக்கொண்டு விலகியதும், தீவுகளின் நடுவே நிதானமாக நடக்க முடிந்தது. என் மனம் விரும்பிய நேரம் அதுதான். ஒரு மேசையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியாக அமர்ந்திருந்தார். அவர் முன் ஒரே ஒரு பிரசுரம்: மூடப்பட்ட ஒரு கிராமத்து ரயில் பாதையின் கடைசி நாளைப் பற்றி அவரே எழுதி வரைந்த 24 பக்கச் சித்திரக்கதை. பார்க்கலாமா என்று கேட்டேன். தயவுசெய்து என்று கையால் காட்டிவிட்டு, அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். படிப்பவரை உற்றுப் பார்த்தால் வாங்கியே தீர வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு வந்துவிடும் என்பதால் இங்கே பலரும் அப்படிச் செய்கிறார்கள். நான்காம் பக்கத்தில் உரையாடலே இல்லை. நடைமேடையின் தகரக் கூரைமீது மழை. கூரையின் விளிம்பில் மட்டும் கோடுகள் தடிக்கின்றன. ஓட்டை இருக்கும் இடத்தில் ஒரு வெற்று வட்டம். அதன் கீழே, சிமென்ட் தரையில், பல ஆண்டுகளாக நீர் சொட்டிச் சொட்டிக் குழிந்த ஒரு சிறு பள்ளம். அந்தப் பள்ளத்தை வரைய வேண்டும் என்றால் அந்த நடைமேடையில் பல மழைக்காலங்கள் நின்றிருக்க வேண்டும். எந்தப் பதிப்பகமும் இதை வெளியிடக் கணக்குப் பார்க்கும். ஆனால் இது வெளிவந்தாக வேண்டிய பக்கம். அதைத்தான் இந்தச் சந்தை சாத்தியமாக்குகிறது. வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் வெளியிட்ட நாள், சர்க்கிளின் பெயர், அச்சகத்தின் பெயர் எல்லாம் முறையாக இருந்தன. அந்தத் தண்டவாளம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, புல் முளைத்துவிட்டது, அதை வைத்து அடுத்த கதை என்றார்.

உணவு பற்றிய பிரசுரங்கள் கூடும் தீவில் எனக்கு எதிர்பாராத ஒன்று காத்திருந்தது. ஒரு மேசையின் முன்னால் வாழை இலைச் சாப்பாட்டின் படம். டோக்கியோவில் இருக்கும் தென்னிந்திய உணவகங்களில் தான் சாப்பிட்டவற்றைச் சித்திரக்கதையாகவே வரைந்து தொடராக வெளியிடுகிறார் ஓர் இளம்பெண். தென்னிந்தியச் சாப்பாட்டின்மீது பித்துப் பிடித்த ஜப்பானியர்கள் பலர் உண்டு என்று தெரியும். ஆனால் இவ்வளவு கூர்மையான கண்ணை நான் எதிர்பார்க்கவில்லை. இலையின் நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் சரியாக இருந்தது. உப்பும் ஊறுகாயும் அதனதன் இடத்தில். அப்பளம் நொறுங்கும் ஓசைக்கு அவர் ஜப்பானிய எழுத்துகளில் ஒரு புது ஒலிக்குறிப்பே உண்டாக்கியிருந்தார். சாம்பார் சாதத்தின் நடுவில் குழி பறித்து, கரை உடையாமல் காக்கும் கையின் போராட்டம் ஒரு முழுப் பக்கம். அணை கட்டும் பொறியாளரின் முகபாவத்தோடு கதாநாயகி அமர்ந்திருந்தாள்.

நான் தமிழ்நாட்டுக்காரன் என்று சொன்னதும் அவர் எழுந்து நின்று வணங்கினார்; உடனே குறிப்பேட்டை எடுத்தார். மோர் வரும்போது ரசம் இலையில் எஞ்சியிருந்தால் என்ன செய்வீர்கள் என்பது அவருடைய முதல் கேள்வி. ரசம் சாதத்தை முடித்த பிறகுதான் மோர். எஞ்சியதைக் கையாலேயே ஓரம் கட்டிவிடுவோம் என்றேன். பாயசத்தை இலையிலேயே ஊற்றிச் சாப்பிடுவார்களா, கிண்ணத்திலா என்று கேட்டார். இரண்டும் உண்டு, இலையில் ஊற்றினால் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொள்வோம் என்றேன். அதைக் கேட்டதும் அவர் அங்கேயே பென்சிலால் ஒரு சிறு படம் போட்டு, இப்படியா என்று காட்டினார். எனக்குப் பின்னால் வேறொருவர் புத்தகம் வாங்க நின்றதால் நான் ஒதுங்கிக்கொள்ள, அவரும் பாயசத்தில் அப்பளம் போடும் செய்தியைக் கேட்டுவிட்டுத் தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டார். அந்த 90 சென்டிமீட்டர் மேசையைச் சுற்றி நாங்கள் மூவரும் ஒரே இலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், எழுதியவர் யார், வாசகர் யார் என்ற பாகுபாடு எனக்குத் தெரியவில்லை. இளம் வயதில் ஆசிரியருக்கு நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் இந்த உரையாடலுக்காக ஏங்கியவைதாம் என்று தோன்றியது.

சந்தை முடிவதற்கு முன்பே பலர் மிச்சப் புத்தகங்களையும் வாங்கியவற்றையும் பெட்டியில் அடைத்து, வளாகத்திலேயே இருக்கும் யமாட்டோ கூரியர் வரிசையில் நின்றார்கள். எழுதி விற்க வந்தவர்களும் பக்கத்து மேசைகளிலிருந்து பை நிறைய வாங்கியிருந்தார்கள். மாலை நான்கு மணிக்கு முடிவை அறிவித்தார்கள். மீண்டும் அதே கைதட்டல். இம்முறை நாள் முழுவதும் நின்றவர்களின் கைதட்டல். தட்டி முடித்த கையோடு நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள். சர்க்கிள்காரர்களும் வாங்க வந்தவர்களுமாகச் சேர்ந்து மேசைகளைத் தூக்கி அடுக்கினார்கள். நானும் ரயில் பாதைக்காரரும் ஒரு மேசையின் இரு முனைகளைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தோம்.

அந்த இளம்பெண் கோடைக்காலக் காமிக்கெட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். இடம் ஒதுக்கும் குலுக்கலின் முடிவு வர இன்னும் நாளாகும். ஆனாலும் கதையை வரையத் தொடங்கிவிட்டார். கல்யாணப் பந்தியைப் பற்றிய அதன் முன்வரைவு போன வாரம் எனக்கு மின்னஞ்சலில் வந்தது. தவறு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். பரிமாறும் வரிசை சரி, பாயசத்தில் அப்பளமும் இடம்பெற்றுவிட்டது. கடைசிப் பக்கத்தில் மட்டும் விருந்தினர் இலையை எதிர்ப்பக்கமாக மடிக்கிறார். நல்ல காரியங்களில் இலையின் மேற்பாதியைத் தன்பக்கமாக மடிப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம், எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டில் என்று விளக்கி, எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் ஓர் இலையை விரித்து மடித்துப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.